ஜீப் கவிழும்போது உள்ளே இருப்பவர்களுக்கு ஏற்படும் காயங்கள்: தடுப்பும் முதலுதவியும், முழுமையான வழிகாட்டி

கேரளத்தின் மூணாறு அருகே உள்ள சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடியலுக்கு முன் ஏறும் ஜீப்புகள் அந்தக் கல் பாதையில் ஆள் ஓடுகிற வேகத்தில்தான் போகின்றன. ஆனாலும் இப்படிப்பட்ட பாதைகளில் எலும்பு முறிகிறது, கழுத்து உடைகிறது, உயிரும் போகிறது. நெடுஞ்சாலையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் வேகம். மலைப்பாதையிலும் மணல்மேட்டிலும் உடம்பு இருக்கையை விட்டு நகர்வதுதான் ஆபத்து. வண்டிக்குள் தலை, கை, இடுப்பு ஆகியவை அவற்றின் இடத்திலேயே இருந்தால் மெதுவாகக் கவிழும் ஜீப்பிலிருந்து சிராய்ப்போடு இறங்கிவிடலாம். கீழே சொல்லப்படும் எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான். ஓட்டுபவர், வண்டி வைத்திருப்பவர், காசு கொடுத்துப் பின்னால் உட்கார்ந்து போகிற பயணி என மூவருக்கும் இது பொருந்தும்.

வண்டி ஏன் சாய்கிறது

இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை எடுத்து, வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். அகலம் 1.5 மீட்டர், ஈர்ப்பு மையம் 70 செ.மீ. உயரம் என்றால் விடை 1.07. அசையாமல் நிற்கும் வண்டி ஏறத்தாழ 47 டிகிரிப் பக்கச் சரிவில் கவிழும் என்று இதற்குப் பொருள். அதே வண்டியின் மேல் கேரியரில் நாலு பேர் ஏறி உட்கார்ந்தால் ஈர்ப்பு மையம் 90 செ.மீ. உயரத்தை நெருங்கும். அப்போது விடை 0.83, கவிழும் கோணம் 40 டிகிரி.

இது காகிதக் கணக்கு. பாதையில் நடப்பது வேறு. மேல்பக்கச் சக்கரங்கள் 30 செ.மீ. உயரக் கல்லில் ஏறினால் சாய்வில் 11 டிகிரி கூடும். கீழ்ப்பக்கச் சக்கரங்கள் 20 செ.மீ. குழியில் இறங்கினால் இன்னொரு 7 டிகிரிக்கு மேல் சேரும். கீழ்ப்பக்க ஸ்பிரிங் அமுங்குவதும், பின்னால் இருப்பவர்கள் பயந்து கீழ்ப்பக்கம் சரிவதும் இதற்கு மேல். பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும் 20 டிகிரிச் சரிவில் வண்டி உருள்வது இப்படித்தான்.

இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல சான்று உண்டு. யமஹா ரைனோ 450, 660 என்ற இரண்டு பேர் அமரும் ஆஃப்ரோடு வண்டிகள் அங்கே தொடர்ந்து கவிழ்ந்தன. சாயும்போது உள்ளே இருந்தவர்கள் காலையோ கையையோ வெளியே ஊன்ற, வண்டி அதன் மேலேயே விழுந்தது. 2009 மார்ச்சில் அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இலவசச் சீரமைப்புத் திட்டத்தை அறிவித்தது. பின்சக்கரங்களை வெளிப்பக்கம் தள்ளிவைக்கும் ஸ்பேசர் வைத்து அகலத்தைக் கூட்டுவதும், பின்பக்கத்தின் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஆன்டி ரோல் பார் என்ற கம்பியைக் கழற்றுவதும் அதில் அடங்கும். அதற்கு முன்பே அரைக் கதவுகளும் கூடுதல் கைப்பிடிகளும் கொடுக்கப்பட்டிருந்தன. அகலம், கதவு, கைப்பிடி என எளிய பொருட்கள்தான், ஆனால் அவைதான் கால்களைக் காத்தன.

எந்தக் காயம் எப்படி வருகிறது

தலையும் கழுத்தும்: ஒன்றே கால் மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் தரையில் மோதும். நின்ற இடத்திலேயே ஜீப் பக்கவாட்டில் சாய்ந்தாலும் இவ்வளவு அடி உண்டு. பெல்ட் போடாதவர் கூரையிலோ, கவிழ்ந்தால் ஆட்களைக் காக்க வண்டியில் போடும் இரும்புக் கூண்டான ரோல் கேஜின் கம்பியிலோ மோதுவார். மேல்பக்கம் இருந்தவர் கீழ்ப்பக்கத்தவர் மேல் விழுவார். ஒருவருடைய உடம்பே இன்னொருவரின் கழுத்தை உடைத்த கதை இப்படித்தான் உருவாகிறது.

தூக்கி எறியப்படுதல்: உயிர்ச்சேதத்துக்கு இதுவே முதல் காரணம். எறியப்பட்டவர் முதலில் பாறையில் மோதுகிறார், பிறகு உருண்டு வரும் வண்டி அவர் மேலேயே ஏறுகிறது. “கவிழ்ந்தால் குதித்துவிடலாம், அதனால் பெல்ட் வேண்டாம்” என்று மலைப்பகுதி ஓட்டுநர்கள் பலர் இன்றும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை உயிரை வாங்குகிறது. ஜீப் கால் சுற்று சாய ஒரு நொடி, இரண்டு நொடிதான் ஆகும். குதிப்பவர் பெரும்பாலும் வண்டி விழப்போகும் பக்கமே குதிக்கிறார்.

கையும் காலும்: சாயும்போது கையை வெளியே நீட்டித் தாங்க முயல்வது அனிச்சைச் செயல். ஒன்றரை டன் எடையை எந்தக் கையாலும் தாங்க முடியாது. கேஜின் வெளிக்கம்பியையோ கதவின் மேல் விளிம்பையோ பிடித்திருக்கும் விரல்கள் நசுங்கித் தோல் உரிந்து வந்துவிடும்.

முதுகெலும்பு: கவிழாமலேயே வரும் பெருங்காயம் இது. துபாய், ஓமன் பக்கம் மணல்மேட்டுச் சவாரி போகும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மேட்டு உச்சியிலிருந்து வண்டி விழுந்து அடிக்கும்போது, கூன் போட்டு உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சு முதுகெலும்பும் இடுப்பு முதுகெலும்பும் சேரும் இடத்தில், அதாவது டி12, எல்1 எலும்புகளில், அழுத்த முறிவு ஏற்படுகிறது. பின் அச்சுக்கு மேல் இருக்கும் கடைசி இருக்கையில் இந்த அடி அதிகம். எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், முதுகில் அறுவை செய்தவர்கள், கர்ப்பிணிகள் இந்தச் சவாரியைத் தவிர்ப்பதே சரி.

வயிறு: மடியின் குறுக்கே வரும் லேப் பெல்ட் இடுப்பெலும்பில் படாமல் தொப்பை மேல் கிடந்தால், மோதும்போது அது குடலை முதுகெலும்போடு சேர்த்து நசுக்கும். இந்தக் காயம் சில மணி நேரம் கழித்தே வெளியே தெரியும்.

கட்டைவிரல்: பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய ஜீப்பில் முன்சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் வெடுக்கென்று சுழன்று உதைக்கும். ஸ்டீயரிங்கின் ஆரக்கால்களுக்கு இடையே கட்டைவிரலைக் கோத்திருந்தால் விரல் முறியும். கட்டைவிரலை வளையத்தின் மேலேயே நீளவாக்கில் வைத்து ஓட்டப் பழகுங்கள்.

கிளம்பும் முன்: படிகள்

1. சமதரையில் பெல்ட் போடுங்கள். சரிவில் ஏறிய பிறகு பெல்ட்டை இழுத்தால் வராது, இதைப் பலர் பழுது என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். சாய்ந்தால் பூட்டிக்கொள்வதுதான் பெல்ட் சுருண்டிருக்கும் ரீலின் வேலை. ஐ.நா. விதி எண் 16-இன்படி, கார்களில் வரும் வழக்கமான ரீல் 12 டிகிரி வரை பூட்டக் கூடாது, 27 டிகிரியைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும்.

2. லேப் பெல்ட்டைத் தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் படியவிட்டு பக்கிளைப் பூட்டுங்கள். பிறகு தோள்பட்டையில் வரும் பட்டையை மேல்நோக்கி இழுத்து, லேப் பகுதியில் தொய்வே இல்லாமல் செய்யுங்கள். இந்த இரண்டாவது இழுப்பை யாரும் செய்வதில்லை. தலைகீழாகும்போது உடம்பு கூரையை நோக்கிப் போவதைத் தடுப்பது லேப் பெல்ட்தான், அதில் உள்ள ஒவ்வொரு சென்டிமீட்டர் தொய்வும் தலையைக் கூரைக்கு அருகே கொண்டுபோகும்.

3. பக்கவாட்டில் எதிரெதிராக உட்காரும் பெஞ்ச் சீட்டில் பெல்ட் இல்லையென்றால் கரடுமுரடான பாதைக்கு அதில் ஆள் ஏற்ற வேண்டாம். பெல்ட் இருந்தாலும் பக்கவாட்டு இருக்கையில் முன்மோதலின் விசை முழுவதும் கழுத்தைத்தான் திருகும். பயணியாகப் போகிறவர்கள் முன்நோக்கிய இருக்கை, வேலை செய்யும் பெல்ட் இரண்டையும் கேட்டு ஏறுங்கள். எட்டுப் பேரைத் திணித்த ஜீப்பில் ஒன்பதாவது ஆளாக ஏறாதீர்கள்.

4. கூரையில் கனமானது எதுவும் வேண்டாம். ஸ்டெப்னியும் கேனும் தாழ்வாக, பின் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும்.

5. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் கட்டுங்கள். 20 கிலோ டூல் பாக்ஸ் 40 கி.மீ. வேகத்தில் பறந்தால், அதே பெட்டி 6 மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழுவதற்குச் சமம். ஹை லிஃப்ட் ஜாக்கி, மண்வெட்டி, கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன் எல்லாவற்றுக்கும் நெம்பி இறுக்கிப் பூட்டும் ராட்செட் ஸ்ட்ராப் போட்டு, தரையில் போல்ட் செய்த டி-வளையத்தில் மாட்டுங்கள். கொக்கி வைத்த ரப்பர் கயிறான பங்கி கார்டு போதாது, அது நீண்டு கொடுத்து அவிழ்ந்துவிடும்.

6. டயர் காற்றைக் குறையுங்கள். சாலையில் 30 பி.எஸ்.ஐ. வைத்திருப்பவர்கள் கல் பாதைக்கு 18 முதல் 20 வரை இறக்கலாம். பிடிப்பும் கூடும், முதுகுக்கு வரும் அடியும் குறையும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி ஏற்றிவிடுங்கள்.

ரோல் கேஜ்: எது உண்மையான கேஜ்

கடைகளில் அழகுக்காக வளைத்து, பாடியின் தகட்டில் இரண்டு போல்ட் போட்டு விற்கும் குழாய்க்கும் ரோல் கேஜுக்கும் சம்பந்தமில்லை. கவிழ்ந்தால் அது மடிந்து உள்ளே வந்து குத்தும். அளவுகோல் வேண்டுமென்றால் சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதியைப் பாருங்கள். பிரதான வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. சுவரும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. சுவரும் கொண்ட, குளிர்நிலையில் இழுத்த, தையலில்லாத கார்பன் ஸ்டீல் குழாய் வேண்டும். மற்ற இணைப்புகளுக்கு 38 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. சுவர். பாடியில் பொருத்தும் பிரதான கால் ஒவ்வொன்றின் கீழும் குறைந்தது 3 மி.மீ. தடிமன், 120 சதுர செ.மீ. பரப்புள்ள தகடு இருக்க வேண்டும், 8.8 தரத்தில் எம்8 போல்ட் மூன்றாவது வேண்டும். தண்ணீர்க் குழாய், ஜி.ஐ. பைப் இரண்டும் உதவாது, தையல் வழியே பிளந்துவிடும்.

கேஜ் போட்டதால் புதிய ஆபத்து ஒன்றும் வருகிறது. தலைக்கு எட்டும் தூரத்தில் இரும்பு வந்துவிட்டது. தலை படக்கூடிய எல்லாக் கம்பிக்கும் கேஜுக்கென்று வரும் கெட்டி ஃபோம் சுற்றுங்கள். ஏசி பைப்புக்குச் சுற்றும் கறுப்பு ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்தினாலே இரும்பு தட்டுப்படும், அது தலையைக் காக்காது. ஆட்டம் அதிகமுள்ள பாதையில் எல்லோருக்கும் ஹெல்மெட் போடுவது நல்லது.

இரு தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பூட்டும் நான்கு முனை ஹார்னெஸ் பெல்ட் மாட்டுபவர்கள் இரண்டைக் கவனியுங்கள். தோளில் வரும் பட்டைகள் சீட்டின் மேல் விளிம்பிலிருந்து பின்னோக்கிப் போகும்போது கீழே 10 டிகிரிக்குள் இறங்குவது சிறப்பு, 45 டிகிரியைத் தாண்டவே கூடாது. சீட்டுக்குப் பின்னால் தரையில் கட்டினால் மோதலில் பட்டை தோளை நேரே கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பை நொறுக்கும். தொடைகளுக்கு நடுவே வரும் பட்டை இல்லாவிட்டால் தோளில் வரும் பட்டையின் இழுப்பில் பக்கிள் வயிற்றின் மேல் ஏறி, உடம்பு கீழே நழுவும்.

பாதுகாப்பு நட்சத்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020-இல் மஹிந்திரா தார், கார்களை மோதிப் பார்த்து மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் பெரியவர்களுக்கு 4 நட்சத்திரம் பெற்றது, நல்ல மதிப்பெண்தான். ஆனால் அந்தச் சோதனையில் முக்கியமானது 64 கி.மீ. வேக முன்மோதல், கவிழ்தல் அதில் இல்லை.

ஓடும்போது

ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் சரிவிலேயே திரும்ப முயலாதீர்கள். குறுக்கே திரும்பிய நொடியில்தான் உருளும். பிரேக்கை மிதித்து, நாலு சக்கர இயக்க வண்டியின் மெதுவேகக் கியரான லோ ரேஞ்சில் ரிவர்ஸ் போட்டு, கிளட்சை முழுக்க விட்டு எஞ்சின் பிடியில் நேராகப் பின்னே இறங்குங்கள். பக்கச் சரிவில் மேல்பக்கச் சக்கரம் தூக்கத் தொடங்கினால் ஸ்டீயரிங்கைப் பள்ளத்தின் பக்கம் திருப்புங்கள். மனம் மேட்டுப் பக்கம் திருப்பத்தான் சொல்லும், அப்படிச் செய்தால் கவிழ்வது உறுதியாகும்.

பயணிகள் முதுகை இருக்கையில் ஒட்டி, பாதம் இரண்டும் தரையில் படும்படி உட்காருங்கள். டேஷ்போர்டில் கால் போட வேண்டாம். உட்பக்கக் கைப்பிடியை மட்டும் பிடியுங்கள். பின்னால் எழுந்து நின்று வீடியோ எடுப்பவரை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் ஓட்டுநர் வண்டியை எடுக்க வேண்டும். சாய்ந்தேவிட்டால் தாடையை நெஞ்சோடு ஒட்டி, கைகளை நெஞ்சின் குறுக்கே மடக்கி உள்ளே வைத்து, அசைவு நிற்கும்வரை அப்படியே இருங்கள். பெரிய சரிவு வரும் முன் ஆட்களை இறக்கி நடக்கச் சொல்வதில் ஓட்டுநருக்கு எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

சிக்கிய வண்டியை இழுக்கும்போதும் உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து உண்டு. டிரெய்லர் மாட்டும் உருண்டையான டோ பாலில் கயிறு மாட்டவே கூடாது. அது உடைந்தால் குண்டு போலப் பறந்து கண்ணாடி வழியே வரும். சேசிஸில் போல்ட் செய்த இழுவைக் கொக்கியும், 3.25 அல்லது 4.75 டன் தாங்குமளவு முத்திரையிட்ட, வில் போல் வளைந்த இரும்புக் கொக்கி வளையமான வில் ஷேக்கிளும் பயன்படுத்துங்கள். இழுவைக் கயிற்றின் நடுவே ஈரச் சாக்கோ கனமான ஜமுக்காளமோ போடுங்கள். இழுக்கும் வண்டியிலும் இழுபடும் வண்டியிலும் ஓட்டுநர் மட்டும் இருக்க, மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி நிற்கட்டும்.

கவிழ்ந்த பிறகு: முதல் பத்து நிமிடம்

இக்னிஷனை அணையுங்கள், யாரும் பீடி, சிகரெட் பற்ற வைக்கக் கூடாது. உதவிக்கு ஓடுபவர்கள் வண்டியின் கீழ்ச்சரிவுப் பக்கம் நிற்கக் கூடாது. வண்டியின் இழுவை எந்திரமான வின்ச்சின் கயிறோ ஸ்ட்ராப்போ கொண்டு சேசிஸை மேலே உள்ள மரத்தோடோ இன்னொரு ஜீப்போடோ கட்டி, சக்கரத்துக்கும் பாடிக்கும் கல் முட்டுக் கொடுத்த பிறகே உள்ளே கை நீட்டுங்கள். இதற்கு மூன்று நிமிடம் போகும், ஆனால் மறுபடி உருளும் வண்டி மீட்க வந்தவரையும் சேர்த்துக் கொல்லும்.

அடுத்து தலைகளை எண்ணுங்கள். கணக்கில் ஒருவர் குறைந்தால் உருண்டு வந்த வழியில், மேலிருந்து கீழாகப் புதரையெல்லாம் தேடுங்கள். கத்துகிறவர் காத்திருக்கலாம், சத்தமில்லாதவரிடம் முதலில் போங்கள்.

பீறிடும் ரத்தத்தைத் தான் முதலில் நிறுத்த வேண்டும். சுத்தமான துணியைக் காயத்துக்குள் அழுத்தித் திணித்து, இரண்டு கையாலும் உடம்பின் எடையைப் போட்டு அழுத்துங்கள். கை காலில் அதற்கும் நிற்கவில்லை என்றால் ரத்த ஓட்டத்தை நிறுத்த இறுக்கும் பட்டையான டூர்னிகே கட்டுங்கள். காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல் கட்ட வேண்டும். இல்லாதபோது துண்டை 4, 5 செ.மீ. அகலத்துக்கு மடித்து இறுக்கி முடிந்து, முடிச்சில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கயிறு, வயர் வேண்டாம், சதையை அறுக்கும். வலியில் அலறுவார், தளர்த்தாதீர்கள். கட்டிய நேரத்தை நெற்றியில் பேனாவால் எழுதுங்கள்.

பிறகு மூச்சு. வாயில் உள்ள மண், பல், ரத்தத்தை எடுத்து, தலையை வளைக்காமல் தாடையை மட்டும் முன்னே தள்ளுங்கள். மூச்சே இல்லையென்றால் நெஞ்சு அழுத்தல், நிமிடத்துக்கு 100 முதல் 120.

தலைகீழாகப் பெல்ட்டில் தொங்குபவரின் பக்கிளை அவசரப்பட்டு அழுத்திவிடாதீர்கள். தலைகுப்புற விழுந்து அதுவரை உடையாத கழுத்து அப்போது உடையும். உணர்வோடு இருப்பவர் ஒரு கையைக் கூரையில் ஊன்றி, இரண்டு காலையும் டேஷ்போர்டில் அழுத்தி, தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொள்ளட்டும், வெளியே இருப்பவர் தோளைத் தாங்க, பிறகு பக்கிளை அழுத்தலாம். மயங்கியவரென்றால் ஒருவர் தலையைப் பிடிக்க, இருவர் தோளையும் இடுப்பையும் தாங்க, நான்காமவர் பட்டையை அறுக்கட்டும். பெல்ட் அறுக்கும் கத்தி ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், டூல் பாக்ஸில் இருந்து பயனில்லை.

தீ, புகை, உருளும் ஆபத்து, மூச்சுத் திணறல் இல்லையென்றால் முதுகு வலிப்பவரையும் கை கால் மரத்துப்போனவரையும் இழுத்து வெளியே போட வேண்டாம். தலையின் இருபுறமும் கை வைத்து, மூக்கும் தொப்புளும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பிடித்துக்கொண்டிருங்கள். கை, கால் வண்டிக்கு அடியில் நசுங்கியிருந்தால், பாதுகாப்பாக முடியுமானால் தாமதிக்காமல் தூக்கி விடுவியுங்கள். எத்தனை நிமிடம் சிக்கியிருந்தார் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நசுங்கிய தசையிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தக்கூடும்.

இடுப்புக்கூடு உடைந்தால் வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலே உள்ளே லிட்டர் கணக்கில் இறங்கும். இடுப்பு, அடிவயிறு, தொடை இடுக்கில் வலி என்றால் இடுப்பை ஆட்டிச் சோதிக்காதீர்கள். வேட்டியையோ போர்வையையோ 20 செ.மீ. அகலத்துக்கு மடித்து, தொடையின் வெளிப்பக்கம் மேலே புடைத்திருக்கும் எலும்பு மட்டத்தில் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். பேன்ட் பெல்ட் போடும் மட்டத்தில் கட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முழங்கால்களையும் பாதங்களையும் சேர்த்துக் கட்டுங்கள்.

குளிரில் ரத்தம் உறைவது குறையும். ஈர உடையைக் களைந்து, கீழேயும் மேலேயும் போர்த்துங்கள். குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம், அறுவை தேவைப்படலாம்.

அழைப்பும் ஏற்றிச் செல்வதும்

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 108. எஸ்டேட் பெயர், டிவிஷன், ஆம்புலன்ஸ் வரக்கூடிய கடைசி இடம், எத்தனை பேர், யாருக்கு மூச்சோ ரத்தப்போக்கோ பிரச்சினை என்ற வரிசையில் சொல்லுங்கள். மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் ஏறாது, சந்திக்கும் இடத்தை நீங்களே சொல்ல வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால் விவரத்தைத் தாளில் எழுதிக் கொடுத்து இருவரை அனுப்புங்கள். வாய்வார்த்தை வழியில் மாறிவிடும். ஜீப்பில் இறக்கும்போது பலகையிலோ கழற்றிய கதவிலோ படுக்கவைத்துக் கட்டி, நடக்கிற வேகத்தில் ஓட்டுங்கள்.

உதவியவரைப் போலீஸ் அலைக்கழிக்கும் என்று தயங்க வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குச் சிவில், கிரிமினல் பொறுப்பிலிருந்து பாதுகாப்பளிக்கிறது. தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர இலவச சிகிச்சை தரும் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அருகிலுள்ள எந்த மருத்துவமனை அதில் இருக்கிறது என்பதைப் பயணத்துக்கு முன்பே குறித்துவையுங்கள்.

“எனக்கு ஒன்றுமில்லை” என்று எழுந்து நடப்பவரையும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றின் குறுக்கே பெல்ட் தடம் சிவந்திருந்தால் குடல் காயம் இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை வீட்டுக்குப் போகக் கூடாது. தலையில் அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டால், ஒரு கண்மணி மட்டும் பெரிதானால், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வந்தால் உடனே சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரென்றால் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

வண்டியை நிமிர்த்தியதும் சாவியைத் திருகாதீர்கள். எஞ்சின் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். ஸ்பார்க் பிளக்கையோ டீசல் என்றால் குளோ பிளக்கையோ கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். கவிழ்ந்தபோது எடை தாங்கிய சீட் பெல்ட்டின் இழை நீண்டிருக்கும், பார்வைக்குத் தெரியாது. அதையும், அடிபட்ட ஹெல்மெட்டையும் மாற்றிவிடுங்கள். வளைந்த கேஜ் குழாயைச் சூடாக்கி நிமிர்த்தாமல், அந்தத் துண்டை அறுத்துப் புதிதாக வையுங்கள்.